ஒரே வீடு, மூன்று அளவுகோல், மூன்று விதமான பதில்: எதை எழுதிக் கொடுப்பது?

ஓலைக்கூடை (கேள்வி)

வணக்கம். கிராமப்புறத்தில் 600 குடும்பங்களிடம் எடுத்த உணவுப் பாதுகாப்புக் கணக்கெடுப்பு. 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடு, இரண்டு மாவட்டங்கள். படிவத்தில் மூன்று பகுதிகள்: உலக உணவுத் திட்டத்தின் எஃப்.சி.எஸ். (உணவு நுகர்வு மதிப்பெண்: கடந்த 7 நாளில் எந்த உணவு எத்தனை நாள்), ஆர்.சி.எஸ்.ஐ. (சுருக்கமான சமாளிப்புக் குறியீடு: உணவு போதாதபோது கையாண்ட ஐந்து சமாளிப்புகள், அதுவும் 7 நாள்), உணவு வேளாண் அமைப்பின் எஃப்.ஐ.இ.எஸ். (உணவுப் பாதுகாப்பின்மை அனுபவ அளவுகோல்: எட்டு ஆம்/இல்லை கேள்விகள், கடந்த 12 மாதம்; 'ஆம்'களின் எண்ணிக்கைதான் ஸ்கோர்).

டேட்டாவைச் சுத்தம் செய்து கூட்டிப் பார்த்தால் மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன. எஃப்.சி.எஸ். படி பெரும்பாலான வீடுகள் 'ஏற்கத்தக்க நிலை'. அதே வீடுகளில் பலவற்றுக்கு ஆர்.சி.எஸ்.ஐ. 19-ஐத் தாண்டுகிறது. எஃப்.ஐ.இ.எஸ்.-ல் பாதிக்கு மேல் 4 அல்லது அதற்கு மேல். நிதி கொடுப்பவர்கள் ஒரே ஒரு எண் கேட்கிறார்கள்.

எதை எடுப்பது? இது களத்தில் நடந்த பிழையா, அளவுகோலின் குணமா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எஃப்.ஐ.இ.எஸ்.-ல் 7, 8 வாங்கியவர்களை நேரடியாகக் 'கடுமை' என்று எழுதலாமா? 600 போதுமா?

---

தராசுமுள்

மூன்றும் ஒன்றையே அளப்பவை அல்ல. எஃப்.சி.எஸ். அடுப்பில் என்ன ஏறியது என்று கேட்கிறது. அதை ஏற்ற என்ன பாடு பட்டார்கள் என்பது ஆர்.சி.எஸ்.ஐ. வருஷத்தில் எப்போதாவது இல்லாமை வந்து தொட்டதா என்பது எஃப்.ஐ.இ.எஸ். ஆனால் இந்தச் சமாதானத்துக்குப் போகும் முன் எஃப்.சி.எஸ். கணக்கைத் திறந்து பாருங்கள். அதில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாயும்: மேலே.

எடைகள் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். முக்கிய தானியமும் கிழங்கும் 2, பயறு 3, காய்கறி 1, பழம் 1, இறைச்சி/மீன்/முட்டை 4, பால் 4, சர்க்கரை 0.5, எண்ணெய் 0.5. ஒவ்வொன்றையும் நாட்களால் பெருக்கிக் கூட்டினால் அதிகபட்சம் 112. ஒரு குழுவில் இரண்டு மூன்று பொருள்களைத் தனித்தனியாகக் கேட்டிருந்தால் நாட்களைக் கூட்டி, 7-க்கு மேல் போவதை 7 என்று வெட்ட வேண்டும். இந்த வரி விடுபட்டால் இரண்டு பொருளிலேயே தானியம் மட்டும் 28 வரை ஏறும்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வீட்டைப் பாருங்கள்: தானியம் 7 நாள், எண்ணெய் 7, சர்க்கரை 7, காய்கறி 5, பயறு 2. 14 + 3.5 + 3.5 + 5 + 6 = 32. எல்லைக்கோட்டு நிலை (வழக்கமான பிரிப்பில் 21 வரை மோசம், 35 வரை எல்லைக்கோடு, அதற்கு மேல் ஏற்கத்தக்கது). இதே வீட்டில் தேநீரில் ஊற்றிய ஒரு கரண்டிப் பாலைக் களப்பணியாளர் 'பால், 7 நாள்' என்று குறித்தால் 28 கூடி 60 ஆகிவிடும். ஒரே டிக்கில் வீடு 'ஏற்கத்தக்க நிலை'க்குப் போய்விட்டது, பாத்திரத்தில் எதுவும் மாறவில்லை. மணத்துக்குப் போடும் கருவாட்டுத் தூளை 'மீன், 4 நாள்' என்று எழுதினால் 16 கூடும், அதுவும் கோட்டைத் தாண்டப் போதும். சுவைக்காகச் சேர்க்கும் சிறு அளவு எதுவானாலும் மசாலாக் குழுவில் போக வேண்டும். அதன் எடை பூஜ்யம்.

அடுத்தது கட் ஆஃப். வழக்கமானது 21, 35. இவை ஆகாயத்திலிருந்து விழவில்லை: தானியம் தினமும் (14), காய்கறி தினமும் (7), ஆக 21. அதோடு பயறும் எண்ணெயும் வாரம் நான்கு நாள் (12 + 2) சேர்ந்தால் 35. எல்லோரும் எண்ணெயும் சர்க்கரையும் தினமும் சேர்க்கும் பகுதியில் அந்த இரண்டும் மட்டுமே 7 புள்ளியைச் சும்மா கொடுத்துவிடுகின்றன. அதனால்தான் அங்கே 28, 42 என்று உயர்த்துகிறார்கள். உங்கள் டேட்டாவில் எண்ணெய், சர்க்கரை பத்திகளின் சராசரியைப் பாருங்கள். இரண்டும் 7-ஐ ஒட்டி இருந்தும் 35-ஐ வைத்துப் பிரித்திருந்தால் பாதி மர்மம் அங்கேயே அவிழும்.

இதையெல்லாம் திருத்திய பிறகும் வித்தியாசம் மிஞ்சும். ஏனென்றால் எஃப்.சி.எஸ்.-க்கு அளவு தெரியாது, யார் தின்றார் என்பதும் தெரியாது. ஒரு கைப்பிடி பயறும் ஒரு படி பயறும் அதற்கு ஒன்றுதான்.

---

சமன்பாடு

ஆர்.சி.எஸ்.ஐ. பக்கம் நான் சொல்கிறேன். எடைகள்: விருப்பமில்லாத, மலிவான உணவுக்கு மாறுவது 1, கடனாகவோ உறவினர் உதவியாகவோ உணவு வாங்குவது 2, ஒரு வேளையின் அளவைக் குறைப்பது 1, குழந்தைகள் சாப்பிடப் பெரியவர்கள் குறைத்துக்கொள்வது 3, வேளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது 1. அதிகபட்சம் 56. ஐ.பி.சி. வகைப்பாட்டில் (உணவுப் பாதுகாப்பின்மையைக் கட்டங்களாகப் பிரிக்கும் சர்வதேச முறை) 0–3 முதல் கட்டம், 4–18 இரண்டாம் கட்டம், 19-லிருந்து மூன்றாம் கட்டமோ (நெருக்கடி) அதற்கு மேலோ.

தராசுமுள் சொன்ன 32 வாங்கிய வீட்டையே எடுங்கள். மலிவு உணவு 5 நாள், கடன் 1 நாள், அளவுக் குறைப்பு 4, பெரியவர் குறைத்தது 2, வேளை குறைத்தது 3 என்றால் 5 + 2 + 4 + 6 + 3 = 20. இந்த வீடு எஃப்.சி.எஸ்.-ல் 40 எடுத்திருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. பானையில் பயறு இருந்தது, தாய்க்கு வரவில்லை. இது பிழையல்ல, நீங்கள் தேடிப் போன செய்தியே இதுதான்.

எதிர்ப்பக்கத்திலும் குழி உண்டு. குறைந்த ஆர்.சி.எஸ்.ஐ. என்றால் வசதி என்று எடுக்காதீர்கள். கடன் கொடுக்க ஆளில்லாத வீட்டில் 'கடன் வாங்கினீர்களா' என்பதற்குப் பதில் பூஜ்யம்தான். குழந்தை இல்லாத முதியோர் வீட்டில் 3 எடையுள்ள கேள்வியே செல்லாது. வருஷம் முழுக்க மட்டமான தானியத்திலேயே வாழ்கிறவர் 'விருப்பமில்லாத உணவு' என்ற கேள்விக்கு, 'எப்போதும் இதுதானே' என்று இல்லை போட்டுவிடுவார். ஆக, எஃப்.சி.எஸ். தாழ்ந்தும் ஆர்.சி.எஸ்.ஐ. பூஜ்யமாகவும் இருக்கும் வீடுகளைத் தனியாக வடித்தெடுத்துப் பாருங்கள். சமாளிக்க வழியே மிஞ்சாதவர்கள் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள்.

களப்பிழையைப் பிரிக்க நேரடியான சோதனைகள் சில. குழந்தை இல்லாத வீட்டில் 'குழந்தைகளுக்காகக் குறைத்தோம்' என்பது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் கேள்வியைப் படிக்காமலே குறித்திருக்கிறார்கள். எஃப்.சி.எஸ்.-ல் தானியம் 4 நாளுக்குக் கீழே என்றால், மீண்டும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு தடவை கேளுங்கள். பெரும்பாலும் கிழங்கையோ பிற முக்கிய உணவையோ வேறு குழுவில் போட்டிருப்பார்கள். எல்லாக் குழுவும் 7 என்பது தூக்கக் கலக்கம். பிறகு, ஒரே கிராமத்தில் வேலை செய்த களப்பணியாளர்களின் சராசரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிராமம் ஒன்று, வறுமை ஒன்று. ஒருவருக்கு மட்டும் ஸ்கோர் இரண்டு மடங்கு என்றால் கேட்கும் விதத்தில் கோளாறு.

இன்னொன்று. வீட்டு வாசலில் முதல் வாக்கியமாக 'உதவித் திட்டத்துக்காக வந்திருக்கிறோம்' என்று சொல்லியிருந்தால் ஆர்.சி.எஸ்.ஐ.-யும் எஃப்.ஐ.இ.எஸ்.-ம் தானாக ஏறும், எஃப்.சி.எஸ். அவ்வளவாக அசையாது. நீங்கள் சொல்லும் வடிவமும் அதுவேதான். அறிமுக வாசகம் என்ன என்று பாருங்கள்.

---

எட்டாம்கேள்வி

எஃப்.ஐ.இ.எஸ்.-ல் 7, 8 வாங்கியவர்களைக் கூட்டிக் 'கடுமை' என்று எழுதாதீர்கள். உள்ளூர் ஒப்பீட்டுக்கு அது ஓடும், வெளியே அனுப்பும் எண்ணாக ஓடாது.

எட்டுக் கேள்விகளும் வரிசையாக: உணவு போதாதோ என்று கவலைப்பட்டது, சத்தான உணவு சாப்பிட முடியாதது, சில வகை உணவையே சாப்பிட்டது, ஒரு வேளையை விட்டது, வேண்டிய அளவைவிடக் குறைவாகச் சாப்பிட்டது, வீட்டில் உணவு தீர்ந்துபோனது, பசித்தும் சாப்பிடாதது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தது. ஒவ்வொன்றிலும் 'பணமோ பிற வசதியோ இல்லாததால்' என்பது இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது மூன்றாவது வீட்டிலேயே களப்பணியாளர் அந்தத் துண்டை விழுங்க ஆரம்பிப்பார். அது போனால் விரதம், நோய், வேலை அவசரம் எல்லாம் 'வேளையை விட்டது' என்பதற்குள் புகுந்துவிடும்.

ஸ்கோரை எண்ணாக மாற்றுவது ராஷ் மாடல் என்ற புள்ளியியல் முறை வழியாக. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கடுமை அளவு கணக்கிட்டு, அதை உலகப் பொது அளவுகோலோடு பொருத்தி, ஒவ்வொரு ஸ்கோரும் எல்லையைத் தாண்டியிருக்கும் வாய்ப்பை எடுக்கிறார்கள். மிதமான நிலைக்கு எல்லை 'குறைவாகச் சாப்பிட்டது' கேள்வியின் இடம், கடுமைக்கு 'நாள் முழுக்க' கேள்வியின் இடம். அதனால் ஸ்கோர் 6 வாங்கிய வீடு முழுதாகக் கடுமையிலும் சேராது, முழுதாக வெளியிலும் போகாது. ஒரு பங்கு சேரும். ஐ.நா. நீடித்த வளர்ச்சி இலக்குகளின் குறியீடு 2.1.2-க்கு நாடுகள் தரும் எண் இப்படி வருவதுதான்.

மாடலை ஓட்டியதும் முதலில் பார்க்க வேண்டியது இன்ஃபிட், அதாவது ஒரு கேள்விக்கான பதில்கள் மாடலோடு எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு. 0.7-லிருந்து 1.3-க்குள் இருந்தால் கேள்வி ஒழுங்காக வேலை செய்கிறது. 1.3-க்கு மேல் என்றால் ஆட்கள் அதை வேறு வேறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மாட்டுவது 'சத்தான உணவு' கேள்வி, ஏனென்றால் மொழிபெயர்ப்பில் அது 'நல்ல சாப்பாடு', 'ருசியான சாப்பாடு' என்று நழுவும். அவுட்ஃபிட் (அதே வகை அளவு, எதிர்பாராத பதில்களுக்கு அதிகம் அசையும்) 2-க்கு மேல் ஏறினால் சில வீடுகளின் பதில்கள் தலைகீழாக இருக்கின்றன: நாள் முழுக்கப் பட்டினி என்பதற்கு ஆம், கவலைக்கு இல்லை என்பது போல. பூஜ்யமும் எட்டும் வாங்கியவர்கள் கேள்விகளின் கடுமையைக் கணக்கிடுவதில் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆகவே 600 பேரில் நடுவில் எத்தனை பேர் என்பதுதான் முக்கியம்.

உங்கள் முரண்பாட்டுக்கு மிக எளிய காரணத்தை யாரும் சொல்லவில்லை: எஃப்.ஐ.இ.எஸ். 12 மாதம், மற்ற இரண்டும் 7 நாள். அறுவடை முடிந்த கையோடு போயிருந்தால் இந்த வாரம் பானை நிறைந்திருக்கும், கையிருப்பு தீர்ந்த மாதங்களின் பசி நினைவில் இருக்கும். எந்த மாதத்தில் எடுத்தீர்கள்?

---

ஓலைக்கூடை

அறுவடை முடிந்து மூன்றாவது வாரம். எண்ணெய், சர்க்கரை இரண்டின் சராசரியும் 6-க்கு மேல். கட் ஆஃப் 35 போட்டிருந்தேன். பால் பத்தியில் சிறு அளவு என்று பிரிக்கவே இல்லை, படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. அறிமுக வாசகத்தில் 'உதவி' என்ற சொல் இருக்கிறது (தலையில் அடித்துக்கொள்கிறேன்).

பதில் சொன்னவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர், ஆண். அது எந்த அளவுக்குக் கெடுத்திருக்கும்? மூன்றையும் விட்டுவிட்டுப் பசியை மட்டும் அளக்கும் எச்.எச்.எஸ்.-ஐ ஒற்றை எண்ணாகக் கொடுத்தால் என்ன?

---

சமன்பாடு

எச்.எச்.எஸ். கேள்விகள் மூன்றே. வீட்டில் எந்த உணவும் இல்லாத நிலை, பசியோடு தூங்கப் போனது, ஒரு பகலும் இரவும் சாப்பிடாதது. கடந்த 4 வாரம். 1–10 தடவைக்கு 1, அதற்கு மேல் 2, மொத்தம் 6. 0–1 பசி இல்லை அல்லது கொஞ்சம், 2–3 மிதம், 4–6 கடுமை. எந்தக் கலாச்சாரத்திலும் ஒரே பொருளில் நிற்கும் என்பது அதன் பலம். கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன், எளிமையாக விளக்க முடியும்.

---

தராசுமுள்

இங்கே நான் ஒத்துப்போகவில்லை. எச்.எச்.எஸ். அடிமட்டத்தை மட்டும் பிடிக்கும். வேளை குறைத்து, கடன் வாங்கி, ஆட்டை விற்று ஓட்டுகிற வீட்டுக்கு அதில் பூஜ்யம் விழும். அறுவடைக்குப் பிறகு எடுத்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பூஜ்யம் விழுந்து, நிதி கொடுப்பவர் 'இங்கே பிரச்சினை இல்லை' என்று கோப்பை மூடிவிடுவார். பஞ்சத்துக்கு ஏற்ற கருவி அது, வறுமைக்கு அல்ல.

ஒற்றை எண் வேண்டுமென்றால் உலக உணவுத் திட்டத்தின் காரி முறையைப் பாருங்கள். நிலை ஒரு பக்கம், தாக்குப்பிடிக்கும் திறன் மறுபக்கம், இரண்டின் சராசரி. எஃப்.சி.எஸ். ஏற்கத்தக்கது, ஆர்.சி.எஸ்.ஐ. 4-க்குக் கீழ் என்றால் 1; ஏற்கத்தக்கதாக இருந்தும் ஆர்.சி.எஸ்.ஐ. 4 அல்லது மேல் என்றால் 2, எல்லைக்கோடு 3, மோசம் 4. உங்களைக் குழப்பும் வீடுகள் அந்த 2-ல் போய் உட்காரும், அதற்காகவே அமைத்த படி அது.

திறன் பக்கம் இரண்டு: மொத்தச் செலவில் உணவின் பங்கு (50 சதவீதத்துக்குக் கீழ் 1, 65-க்குக் கீழ் 2, 75-க்குக் கீழ் 3, அதற்கு மேல் 4), வாழ்வாதாரச் சமாளிப்பு (எதுவும் இல்லை 1, அழுத்தம் 2, நெருக்கடி 3, அவசரநிலை 4). சேமிப்பைக் கரைப்பது அழுத்தம், தொழில் கருவியை விற்பதும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும் நெருக்கடி, நிலத்தையோ வீட்டையோ விற்பது, பிச்சை எடுப்பது அவசரநிலை. ஒரு வீட்டுக்கு நிலை 2, செலவுப் பங்கு 3, சமாளிப்பு 4 என்றால் திறன் 3.5, சராசரி 2.75, முழுதாக்கினால் 3: மிதமான உணவுப் பாதுகாப்பின்மை.

இரண்டு இடத்தில் சறுக்கும். சொந்த நிலத்தில் விளைந்து தின்றதன் மதிப்பை உணவுச் செலவில் சேர்க்காவிட்டால் ஏழை விவசாயி பணக்காரர் போலத் தெரிவார். 'மாட்டை விற்றீர்களா' என்பதற்கு 'இல்லை' என்றால் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். தேவைப்படவில்லை என்பது வேறு, போன வருஷமே விற்றுத் தீர்ந்துவிட்டது என்பது வேறு. தீர்ந்துவிட்டது என்றால் அது 'ஆம்' கணக்கில்தான் வரும்.

---

அளவுநாடா

யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். எஃப்.சி.எஸ்., ஆர்.சி.எஸ்.ஐ. இரண்டையும் சமைப்பவரிடம் கேட்க வேண்டும். சமையலறைப் பக்கம் போகாத ஆளுக்கு எத்தனை நாள் பயறு கொதித்தது என்று தெரியாது, வேளை குறைந்ததை ஒப்புக்கொள்ளக் கௌரவமும் இடம் கொடுக்காது. எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பதில் சொன்னவர் ஆணா பெண்ணா என்ற பத்தி இருந்தால் பிரித்துப் பாருங்கள்.

வீடு என்பதை 'ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள்' என்று வரையறுத்தீர்களா? ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு வைத்திருக்கும் விதவைத் தாய் மகனின் வீட்டுக் கணக்கில் கரைந்துபோவது இப்படித்தான். உடல் குறைபாட்டையும் 'வீட்டில் ஊனமுற்றவர் உண்டா' என்று கேட்டால் இல்லை என்றே வரும். ஊனப் புள்ளிவிவரங்களுக்கான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைப் போடுங்கள்: பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைக் கவனித்துக்கொள்வது, பேசிப் புரிந்துகொள்வது. ஏதாவது ஒன்றில் 'மிகவும் சிரமம்' அல்லது 'முடியவே முடியாது' என்றால் கணக்கில் எடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் பங்கீடு தெரிய வேண்டுமென்றால் 15–49 வயதுப் பெண்ணிடம் நேற்றைய 24 மணி நேர உணவைக் கேளுங்கள். 10 குழுக்களில் 5-ஐத் தொட்டாரா என்பதுதான் எம்.டி.டி.-டபிள்யூ. (பெண்களுக்கான குறைந்தபட்ச உணவுப் பன்மை). 15 கிராமுக்குக் குறைந்தது சேராது. தேநீர்ப் பால் தகராறு இங்கே எழாது.

குழந்தைகளின் கைச்சுற்றளவும் எடுத்தால் நல்லது: 6–59 மாதம், இடது கை, முழங்கையை மடக்கித் தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே குறி வைத்து, பிறகு கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். மடக்கிய கையிலேயே அளப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. நாடா தோலை ஒட்ட வேண்டும், சதை பிதுங்கக் கூடாது. 115 மி.மீ.-க்குக் கீழ் கடுமையான ஊட்டக்குறைவு, 115-லிருந்து 125-க்குக் கீழ் மிதமானது. இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பள்ளம் நின்றால், நாடா எதைச் சொன்னாலும் கடுமைதான். அன்றைக்கே சிகிச்சை மையத்துக்கு அனுப்ப ஏற்பாடு இல்லாமல் நாடாவை எடுத்துப் போகாதீர்கள்.

---

எட்டாம்கேள்வி

600 போதுமா என்பது விட்டுப்போனது. எளிய மாதிரியில் 5 புள்ளித் துல்லியத்துக்கு 384 போதும். நீங்கள் எடுத்தது கொத்து மாதிரி, ஒரே கிராமத்து வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதனால் மாதிரி எத்தனை மடங்கு பெரிதாக வேண்டும் என்பதுதான் டிசைன் எஃபெக்ட் = 1 + (கொத்தின் அளவு − 1) × உள்ளொற்றுமை. உள்ளொற்றுமை 0.05 என்று வைத்தால் 1 + 19 × 0.05 = 1.95. உங்கள் 600 உண்மையில் 308-க்குச் சமம், பிழை ஏறக்குறைய ±5.6. மாவட்டவாரியாகப் பிரித்தால் ±7.9, அதை வைத்து 'இந்த மாவட்டம் அந்த மாவட்டத்தைவிட மோசம்' என்று எழுத முடியாது. அடுத்த முறை 60 கிராமம், கிராமத்துக்கு 10 வீடு எடுத்தால் அதே 600-க்கு 1.45, ±4.8. பயணச் செலவு கூடும். பூட்டியிருந்த வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்க விடாதீர்கள். கூலிக்கு வெளியூர் போனவர்களின் வீடுகள்தான் பூட்டியிருக்கும்.

---

ஓலைக்கூடை

நன்றி. பால் பத்தியைத் திருத்த 600 வீட்டுக்கும் திரும்பப் போக வழியில்லை. பாலை மொத்தமாகப் பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டலாமா?

---

தராசுமுள்

வேண்டாம், நிஜமாகவே பால் குடிக்கிற வீடுகளைத் தண்டிப்பதாகும். இரண்டு தடவை ஓட்டுங்கள், ஒன்றில் பாலோடு, ஒன்றில் பால் இல்லாமல், கட் ஆஃப் 28, 42. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில். இடைவெளி சிறியது என்றால் அப்படியே எழுதிவிடலாம். பெரியது என்றால் கோட்டைத் தாண்டிக் குதிக்கும் வீடுகளிலிருந்து மட்டும் 60 வீட்டைக் குலுக்கி எடுத்து, வழக்கமாகக் குடிக்கும் பாலா, தேநீர்ப் பாலா என்ற ஒரு கேள்வியை மட்டும் தொலைபேசியில் கேளுங்கள். அந்த விகிதத்தை மீதிக்குப் போடுங்கள். போன் இல்லாத வீடுகளுக்கு ஆள் போய்த்தான் ஆக வேண்டும், அவர்களை விட்டுவிட்டால் விகிதம் மறுபடி மேலே சாயும்.